முடிவு வந்த பிறகு: காஞ்சி வட்டாரத்தில் தேர்தல் எதிர்வினைகள்

சட்டப்பேரவைத் தேர்தலில் தன் கட்சி தோற்றால் இரண்டு நாள் முகம் வாடிக் கிடக்கும் அதே மனிதர், ஊராட்சித் தேர்தலில் தன் அண்ணன் மகன் தோற்றுவிட்டால் இரண்டு வருடத்துக்குப் பக்கத்துத் தெருப் பக்கம் போவதில்லை. மேல்மட்டத் தேர்தல் முடிவைவிட அடிமட்டத் தேர்தல் முடிவே ஆளை ஆழமாகத் தைக்கிறது. தேர்தல் முடிவுகளைத் தனிமனிதர் எப்படி எதிர்கொள்கிறார் என்று உலக அளவில் நடந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் தேசிய, மாநிலத் தேர்தல்களைப் பற்றியவை. கட்சிப் பற்று, தலைவர் மீதுள்ள அபிமானம், கொள்கை ஆகியவற்றைக் கொண்டு அவை மனநிலையை அளக்கின்றன. உள்ளாட்சியிலோ இவற்றோடு உறவுமுறை, தெரு, சாதி, கொடுக்கல் வாங்கல் எல்லாம் வந்து சேர்கின்றன. இந்த வேறுபாட்டைப் பார்க்கக் காஞ்சிபுரம் வட்டாரம் ஏற்ற இடம். குடவோலைக் கல்வெட்டுள்ள உத்திரமேரூர், அண்ணா வென்றும் தோற்றும் பார்த்த காஞ்சிபுரம், ஒரு முதலமைச்சர் தோற்றுப்போன ஸ்ரீபெரும்புதூர், ஐந்தாண்டு காத்திருந்து ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்த முசரவாக்கம் போன்ற கிராமங்கள் எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதக் கல்வியும் உடையவர்கள் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டன. முன்பு வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. ஓலைகளைக் குடத்தில் இட்டு, மகாசபை நடுவே முதியவர் ஒருவர் அதை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்க, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். பிறகு அங்குள்ள நம்பிமாரும் வாசிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைத் தேர்தல் நேர்மையின் சான்றாகப் பாராட்டுவது வழக்கம். அது அந்தணருக்குத் தானமாகத் தரப்பட்ட பிரமதேய ஊர், நிலமுள்ள ஆண்களுக்கு மட்டுமேயான சபை என்பதை அந்தப் பாராட்டு பெரும்பாலும் மறந்துவிடுகிறது. அதைவிடக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: இந்த முறையில் தோற்றவர் என்று ஒருவரும் இல்லை. ஓலை வராதவரை யாரும் நிராகரிக்கவில்லை. வந்தவருக்கு யாரும் கடமைப்பட்டவரும் இல்லை. கோபம் கொள்ள வேண்டுமானால் குடத்தின் மீதுதான் கொள்ள வேண்டும். விரலை விரித்துக் காட்டும் விதி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால், முடிவைப் பற்றிய சந்தேகமும் மனத்தாங்கலும் அந்தக் காலத்திலேயே நன்றாகத் தெரிந்திருந்தன என்று கொள்ளலாம். குலுக்கலின் ஒரு துண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. இரு வேட்பாளர்கள் சமமான வாக்குகள் பெற்றால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யப்படுகிறது. ஒரே ஓட்டில் தோற்றவரைக் காட்டிலும் சீட்டுக் குலுக்கலில் தோற்றவர் எளிதாக ஆறுதல் அடைவதை உள்ளாட்சித் தேர்தல்களைக் கவனித்தவர்கள் அறிவார்கள்.

தற்காலத் தேர்தலில் முதல் முடிவு வாக்குப்பதிவுக்கு முன்பே வந்துவிடுகிறது. யாருக்குச் சீட்டு என்பதே அது. அமெரிக்காவில் இதற்கென்று தனித் தேர்தல் உண்டு. மாநிலம் முழுவதுக்கும் நேரடி முதன்மைத் தேர்தலை 1903இல் சட்டமாக்கியது விஸ்கான்சின். முதல் முறையாக அது அங்கே 1906இல் நடந்தது. கட்சியின் வேட்பாளரைக் கட்சிக்காரர்களும் சாதாரண வாக்காளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதால், தோற்றவருக்குத் தன்னை வீழ்த்தியவர்கள் எத்தனை பேர் என்பது எண்ணாகத் தெரிந்துவிடுகிறது. அப்படித் தோற்றவர் அதே தேர்தலில் சுயேச்சையாக நிற்பதைப் பெரும்பாலான மாநிலங்களின் சட்டங்கள் தடுக்கின்றன. வருத்தத்தைச் சொல்ல ஓர் இடத்தைக் கொடுத்து, அதற்கு அப்பால் கதவை அடைத்துவிடும் ஏற்பாடு இது.

தமிழ்நாட்டில் அந்த இடம் இல்லை. விருப்ப மனுவோடு கட்டணம் கட்ட வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும், பட்டியல் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். இருபது பேர் மனுக் கொடுத்த இடத்தில் ஒருவர் பெயர் அறிவிக்கப்படும். மற்ற பத்தொன்பது பேருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்வதில்லை. காங்கிரஸ் கட்சி 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் சுமார் 15 தொகுதிகளில் உட்கட்சி வாக்கெடுப்பு மூலம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சோதனையைச் செய்து பார்த்தது, அது நிலைக்கவில்லை. ஆகவே அதிருப்திக்கு வழக்கமான வடிவங்கள் சில உருவாகியிருக்கின்றன: கட்சி அலுவலக வாசலில் கூச்சல், மாவட்டச் செயலாளர் கொடும்பாவி, தீக்குளிக்கப் போவதாக மிரட்டல், கடைசியில் போட்டி வேட்பாளராக மனுத் தாக்கல். அதற்குக் கட்சியின் பதிலும் வாய்ப்பாடாகிவிட்டது. அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம் என்ற அறிக்கை வரும். அந்த நீக்கத்தை நிரந்தரமானது என்று நீக்கப்பட்டவரும் நம்புவதில்லை, நீக்கியவரும் நம்புவதில்லை. ஜெயித்துவிட்டால் சால்வையோடு வரவேற்பு இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

காஞ்சிபுரம் மாநகராட்சியின் முதல் தேர்தல் இந்தப் போக்கைத் தெளிவாகக் காட்டியது. 2021இல் நகராட்சியிலிருந்து தரம் உயர்த்தப்பட்ட 51 வார்டுகள் கொண்ட மாநகராட்சிக்கு, தமிழகத்தின் மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளோடு சேர்த்து 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவும் 22இல் எண்ணிக்கையும் நடந்தன. 2011இல் தமிழகத்து மாநகர மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டம் அதைக் கவுன்சிலர்கள் வழியான மறைமுகத் தேர்தலாக மாற்றியிருந்தது. மகளிருக்கு ஒதுக்கப்பட்ட காஞ்சிபுரம் மேயர் பதவிக்கு மார்ச் 4இல் திமுகவின் அதிகாரபூர்வ வேட்பாளரான மகாலட்சுமி யுவராஜை எதிர்த்து அதே கட்சியின் இன்னொரு கவுன்சிலர் நின்றார். மகாலட்சுமி வென்றார், துணை மேயர் பதவி கூட்டணிக் கட்சியான காங்கிரஸின் குமரகுருநாதனுக்குப் போனது. அன்றே வேறு ஊர்களில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பதவிகளைத் திமுகவினரே போட்டியிட்டுப் பிடித்திருந்தார்கள். விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு ஒதுக்கிய நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி அவற்றில் ஒன்று. அப்படி வென்றவர்கள் உடனே பதவி விலகித் தன்னை வந்து சந்திக்க வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிக்கை வெளியிட்டார். வென்ற கட்சியின் தலைவர் வெற்றி நாளில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது தமிழகத் தேர்தல் வரலாற்றில் அபூர்வம்.

காஞ்சிபுரத்தில் மனத்தாங்கல் அத்தோடு தீரவில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உரியது. உள்ளாட்சிக் கவுன்சிலரை அது கட்டுப்படுத்தாது. இரண்டரை ஆண்டுகளுக்குள் ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களும் எதிர்க்கட்சிக் கவுன்சிலர்களும் சேர்ந்து மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கோரிக் கையெழுத்திட்டார்கள். 2024 ஜூலை 29இல் அதற்கான கூட்டம் கூட்டப்பட்டது. கையெழுத்திட்டவர்கள் ஒருவரும் வரவில்லை, தீர்மானம் தோற்றது. வார்டுப் பணி ஒதுக்கீடு, ஒப்பந்தம், கட்சிக்குள் கோஷ்டி எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியில், யாரை மேயராக்குவது என்ற கேள்வி வாக்காளர் முன்னும் வைக்கப்படாமல், கட்சிக்காரர் முன்னும் வைக்கப்படாமல் மேலிடத்தில் தீர்ந்துபோனது என்ற குறை இருந்தது என்று கருத இடமுண்டு. சீட்டு மறுக்கப்பட்டபோது வாய் திறக்க முடியாதவர் மாமன்றத்தில் திறக்கிறார்.

கிராம ஊராட்சியில் நிலைமை வேறு. தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. பூட்டுச் சாவி, ஆட்டோ ரிக்ஷா போன்ற சின்னங்கள்தான் கிடைக்கும். வாக்காளருக்கு நான்கு ஓட்டு. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை என்று சீட்டுகள் நிறத்தால் பிரிந்திருக்கும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்டதால் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அங்கே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்குப்பதிவு, 12இல் எண்ணிக்கை. ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியாததற்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்த ஊர்களுக்கு அந்தத் தேர்தல் அரசியல் போட்டி என்பதைவிடப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தது போன்றது.

எண்ணிக்கை ஒன்றிய அளவிலான மையத்தில் நடக்கும். நான்கு நிறச் சீட்டுகளையும் பிரித்துக் கட்டுக்கட்டி எண்ணுவதால் சில ஊர்களின் முடிவு நள்ளிரவைத் தாண்டும். வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு முடிவு அறிவிப்பு வழியாக வருவதற்கு முன்பே ஏஜெண்டின் முகத்தில் வந்துவிடுகிறது. வென்றவர் வீட்டில் சரவெடி. மாலையோடு முதலில் ஊர்க் கோயிலுக்கு, பிறகு வீடு வீடாக நன்றி சொல்ல. தோற்றவர் வீட்டில் அன்றிரவு தொடங்குவது கணக்கு. சில நூறு ஓட்டுகள் கொண்ட ஒரு வார்டில், தனக்கு வரவேண்டியது எத்தனை, வந்தது எத்தனை, குறைந்தது எந்தத் தெருவில் என்று பெயர் பெயராகக் கழித்துப் பார்த்துவிடலாம். “சத்தியம் பண்ணிட்டு மாத்திக் குத்திட்டான்” என்ற வாசகம் அந்தக் கணக்கின் விடை. அது தப்பான விடையாகவும் இருக்கலாம். ஆனால் அதன் பேரில் கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விடுவது, காவல் தெய்வத் திருவிழாவில் தனி வரி வசூலிப்பது, வயலுக்குத் தண்ணீர் விடும் முறையில் தகராறு என்று வருடக்கணக்கில் நடக்கிறது. வென்றவர் பக்கமும் இதே கணக்கு உண்டு. நூறு நாள் வேலையில் யாருக்கு முன்னுரிமை, எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் என்பதில் அது வெளிப்படுவதாகத் தோற்றவர்கள் சொல்வார்கள்.

வாக்கு ரகசியம் என்ற சட்டப் பாதுகாப்பு இங்கே நடைமுறையில் மெலிந்து போகிறது. இந்தக் குறை சட்டமன்றத் தேர்தலிலும் உண்டு. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20 வழியாக வெளியாகிறது. பல சாவடிகளின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. கட்சிகளுக்குத் தெருவாரியான கணக்கு தேவைப்படுகிறது என்பதைத் தவிர இதற்கு நல்ல காரணம் தென்படவில்லை.

நெசவாளர் வீடுகளில் இதற்கு இன்னொரு அடுக்கு சேர்கிறது. காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டுத் தறி நெய்பவர் பாவையும் ஜரிகையையும் கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ பெறுகிறார். கூலியும் அங்கிருந்தே வருகிறது. முதலாளி ஒரு வேட்பாளரை ஆதரித்தால் தறிக்காரர் வேறு பக்கம் வெளிப்படையாகக் கொடி பிடிப்பது எளிதல்ல. அதனால் தறிக்குழியில் அமர்ந்தபடி முடிவைக் கேட்கும் ஒருவரின் உண்மையான எதிர்வினை வீட்டு வாசலைத் தாண்டாமல் போவதுண்டு. அரசியல் கட்சிகள் இந்த மக்களின் மனத்தை வெல்ல முயன்றது பழைய கதை. 1953இல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது திமுக தலைவர்கள் தெருத் தெருவாகத் துணி விற்றார்கள்.

அந்தக் கட்சியின் நிறுவனர் அண்ணா காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. 1957இல் காஞ்சிபுரம் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனார். 1962இல் அதே தொகுதியில், பேருந்து நிறுவன உரிமையாளரான காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். 1957இல் வென்ற திமுகவின் 15 பேரில் 1962இல் மீண்டும் வென்றவர் மு. கருணாநிதி ஒருவரே. அப்படியிருந்தும் கட்சி 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு வளர்ந்தது. சொந்த ஊர் கைவிட்டது என்ற வலியும் கட்சி வளர்ந்தது என்ற மகிழ்ச்சியும் ஒரே நாளில் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்த நிகழ்ச்சி இது. அண்ணா ஊரைப் பழித்துப் பேசவில்லை. சில வாரங்களில் மாநிலங்களவைக்குப் போய் டெல்லியைத் தன் மேடையாக்கிக்கொண்டார்.

காங்கிரஸைத் திமுக வீழ்த்திய 1967 தேர்தல் முடிவு இரண்டு எதிர்வினைகளை எதிரெதிரே நிறுத்தியது. ஸ்ரீபெரும்புதூரில் அன்றைய முதலமைச்சர் எம். பக்தவத்சலம் தோற்றார். தமிழ்நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்ற பொருளில் அவர் சொன்னது இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. தோற்றவர் மக்களின் தீர்ப்பை நோயாகப் பார்க்கும் மனநிலைக்கு அது நிலையான உதாரணமாகிவிட்டது. விருதுநகரில் காமராசர், மாணவர் தலைவரான பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். காமராசர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்த்தார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குச் சென்றார். வென்ற பக்கத்தில், காமராசரின் தோல்வியைக் கொண்டாட அண்ணா விரும்பவில்லை என்பது அன்றைய தலைவர்கள் பலர் பதிவுசெய்த செய்தி. தொண்டர்கள் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

சாதாரண வாக்காளரின் மகிழ்ச்சியும் துயரமும் எவ்வளவு நாள் நீடிக்கின்றன? அமெரிக்காவில் 1994 டெக்ஸாஸ் ஆளுநர் தேர்தலை ஒட்டி உளவியலாளர் டேனியல் கில்பர்ட் குழுவினர் செய்த ஆய்வில், தம் வேட்பாளர் தோற்றால் ஒரு மாதம் கழித்தும் வருத்தமாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள், உண்மையில் ஒரு மாதம் கழித்து வழக்கம்போலவே இருந்தார்கள். வென்ற ஜார்ஜ் புஷ்ஷைப் பற்றிய அவர்களின் எண்ணமும் தாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. 2012 அதிபர் தேர்தலை ஆராய்ந்த வேறொரு குழு, தோற்ற தரப்பின் துயரம் வென்ற தரப்பின் மகிழ்ச்சியைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்ததையும், அதுவும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிட்டதையும் கண்டது. கிறிஸ்டபர் ஆண்டர்சனும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட நூல், தோற்றவர்கள் முடிவை ஏற்பதே மக்களாட்சியின் அடித்தளம் என்று வாதிடுகிறது. அதிகாரத்தைப் பங்கிடும் அமைப்புகளில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான மனநிறைவு வித்தியாசம் குறைவு என்பது ஆண்டர்சனின் முந்தைய கண்டுபிடிப்பு. இந்த முடிவுகள் தமிழகச் சட்டப்பேரவைத் தேர்தலுக்கு ஓரளவு பொருந்தலாம். ஊராட்சிக்குப் பொருத்த முடியாது. டெக்ஸாஸ் வாக்காளர் ஆளுநரை ரேஷன் கடை வரிசையில் சந்திப்பதில்லை.

மறதிக்கு ஆட்படாத எதிர்வினைகளும் இங்கே உண்டு. 2021 மே மாதம் திமுக வென்றதும் பரமக்குடிப் பகுதியில் ஒரு பெண் வேண்டுதலை நிறைவேற்ற நாக்கை அறுத்துக்கொண்டார். வாக்குச்சாவடிக்கு முன்பே கோயிலில் வாக்குக் கொடுத்துவிட்ட பக்தி அது. முடிவு வந்தபோது அது கடனாகிவிட்டது. கேலி வேறு வகைக் காயம். 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியின் ஒரு வார்டு இடைத்தேர்தலில் பாஜக இளைஞரணியைச் சேர்ந்த ஒருவருக்கு ஒரே ஓட்டு விழுந்தது. அவர் சுயேச்சைச் சின்னத்தில் நின்றவர், அவருக்கும் குடும்பத்தாருக்கும் ஓட்டு வேறு வார்டில் இருந்தது என்ற விளக்கங்கள் வருவதற்குள் நாடே சிரித்து முடித்திருந்தது. ஒரு சிற்றூர் வார்டின் தோல்வி ஊர் எல்லைக்குள் நிற்காத காலம் இது.

எல்லாவற்றிலும் கொடியது சாதியை மீறிய முடிவுக்கு வந்த எதிர்வினை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவரான முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் தேர்தலே நடக்க விடவில்லை, அல்லது வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். 2006இல்தான் அது முடிவுக்கு வந்தது. இவற்றைத் தனிமனிதக் கோபம் என்று சொல்வது பொருந்தாது. முடிவையே ஊர் ஏற்க மறுத்த நிகழ்ச்சிகள் அவை. ஒதுக்கீட்டில் வந்த பெண் தலைவர்களின் நாற்காலியில் கணவர் அமர்வது இதன் மென்மையான வடிவம். 2016இல் மகளிர் இடஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்த பின்னும் அது ஒழியவில்லை. தலைவர் பதவியை ஏலம் விட்டுப் ‘போட்டியின்றி’ முடிப்பதும் முடிவு என்ற ஒன்றே வராமல் பார்த்துக்கொள்ளும் தந்திரம்தான். தோற்றவர் இல்லாததால் மனக்கசப்பு இல்லை என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். உத்திரமேரூர்க் குடத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கக்கூட இது தகுதியற்றது; அங்கே விலை கொடுத்தவன் ஓலையில் பெயர் எழுதவில்லை.

சட்டம் தோற்றவருக்குத் தரும் வழி தேர்தல் மனு. சட்டமன்றத் தேர்தலை எதிர்த்து முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஊராட்சிக்கு மாவட்ட நீதிமன்றம். 2021இல் சென்னை தியாகராய நகரில் 137 வாக்குகளில் முடிந்தது போன்ற தேர்தல்களில் இந்த வழி தோற்றவருக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் வழக்கு நகரும் வேகத்துக்கு ராதாபுரம் சான்று. 2016இல் அங்கே திமுகவின் மு. அப்பாவு, அதிமுகவின் இன்பதுரையிடம் 49 வாக்குகளில் தோற்றார். தபால் வாக்குகளையும் கடைசிச் சில சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019இல். எண்ணி முடித்த பிறகு முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. 2021இல் அதே தொகுதியில் அதே எதிரியை வென்ற அப்பாவு சட்டப்பேரவைத் தலைவரானார்.